சோறு வேண்டாம் என்ற மாப்பிள்ளை

போன ஆவணியில், சமயநல்லூரில் பெண் வீட்டில் கை நனைக்கப் போன அன்று நடந்தது இது. எங்கள் பக்கம், சம்பந்தம் பேசி முடியும்வரை பெண் வீட்டில் காபி குடிப்போமே தவிர, சாப்பிட மாட்டோம். சோற்றில் கை வைத்துவிட்டால் சம்மதம். வைக்காமல் எழுந்தால் இந்த இடம் வேண்டாம் என்று அர்த்தம்.

என் மகனுக்கோ சோறு என்றாலே ஆகாது. ஜிம்மில் சேர்ந்ததிலிருந்து, சதை ஏற வேண்டும், கொழுப்பு ஏறக் கூடாது என்று சோறு, இட்லி, தோசை எல்லாவற்றையும் விட்டுவிட்டான். அவித்த முட்டை, உப்புச் சப்பில்லாத கோழிக்கறி என்று அவனுக்குத் தனிச் சமையல். அவன் அப்பா இறந்த பிறகு, ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்றே வேலை பார்ப்பவள் நான். வீட்டுக்கு வந்து இரண்டு சமையலையும் முடித்துவிட்டு, சாப்பிடத் தெம்பில்லாமல் அப்படியே படுத்த நாட்கள் நிறைய.

வந்த வரன்களெல்லாம் தட்டிப்போய், இது ஒன்றுதான் கூடி வந்தது. இருவரும் போனில் பேசிக்கொண்டார்கள். வழக்கமெல்லாம் அவனுக்குத் தெரியும் என்றே நினைத்திருந்தேன்.

இலை போட்டார்கள். கறியை மறுக்காமல் வாங்கினான். பெண்ணின் அம்மா எனக்குச் சோறு போட்டுவிட்டு அவனிடம் வந்ததும், இலையைக் கையால் மறைத்துக்கொண்டு, "சோறு வேணாங்க, கறி மட்டும் போதும்" என்றான். அந்தம்மா கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டார்.

"ஒரு வாயாவது வைங்க மாப்ள" என்று பெண்ணின் அப்பா கெஞ்சினார். "இல்லங்க, நான் சோத்தத் தொடுறதே இல்ல" என்றான் பாவி மகன்.

அவர் முகம் செத்துப்போனது. என் பக்கம் திரும்பி, "பிடிக்கலைன்னா மொதல்லயே சொல்லியிருக்கலாம்லம்மா?" என்றார். எனக்கு எடுத்துச் சொல்லக்கூட அலுப்பாக இருந்தது. இதுவும் போச்சு என்றுதான் நினைத்தேன்.

அடுப்படியிலிருந்து அந்தப் பெண்ணே வந்தாள். கல்லூரியில் கபடி ஆடியவள். "அப்பா, பிடிக்காமல்லாம் இல்ல. தொப்பை வந்துருமோன்னு பயம், அம்புட்டுத்தான்" என்றாள். பிறகு அவனிடம், "வெயிட்டு தூக்குற ஒடம்புக்குச் சோறும் வேணுங்க. அளவுக்கு மேல தின்னாத்தான் கொழுப்பாகும். நாங்கள்லாம் தின்னுட்டுத்தான ஆடுனோம்? கொஞ்சமா போடவா?" என்றாள்.

அப்போதுதான் அவனுக்கு விஷயம் உறைத்தது. காது சிவக்கக் கையை எடுத்தான். சோறு விழுந்தது. குழம்பு ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டவன், இன்னொரு கரண்டியும் கேட்டு வாங்கினான். எல்லோரும் சிரித்தார்கள்.

எனக்குச் சிரிக்கவும் தெம்பில்லை. அவள் என்னிடம் குனிந்து, "அத்த, நீங்க இன்னும் கையே வைக்கலயே" என்றாள். பார்த்தேன். என் இலையில் சோறு ஆறிக் கிடந்தது. பக்கத்திலேயே சூடாக ஒரு கரண்டி போட்டுவிட்டு, நான் ஒரு வாய் சாப்பிடும்வரை நின்றாள்.

கல்யாணமும் முடிந்து, இப்போது எங்கள் வீட்டில் ஒரே சமையல்தான். அளவாகச் சோறு சாப்பிடுகிறான், தொப்பை ஒன்றும் வந்துவிடவில்லை. ஆனால் கால் கடுக்கக் கடையிலிருந்து திரும்பும்போதெல்லாம், நான் சாப்பிட்டேனா என்று பார்க்கவும் ஒருத்தி இருக்கிறாள் என்று அன்று தெரிந்துகொண்டதுதான் எனக்கு இன்றும் தெம்பு.