தங்கையின் தட்டு

சேக்காட்டு வீட்டில் தங்கையின் எவர்சில்வர் தட்டு இன்றும் இருக்கிறது. பின்புறம் புள்ளிப் புள்ளியாக அவள் பெயரும், கீழே ஒரு தேதியும் வெட்டியிருக்கிறது. நாளும் மாதமும் தெரிகின்றன, ஆண்டு தேய்ந்துவிட்டது. நான் அப்போது இரண்டாம் வகுப்பு. என் மதிப்பெண் அட்டையை வைத்துப் பார்த்தால் அவளுக்கு இரண்டரை வயது.

அந்த ஆண்டு பால்வாடியில் மூன்று முறை அளந்தும் அவள் உயரம் கூடவில்லை. நான்காம் முறை அப்பா, அம்மா, அத்தை என்று எல்லோருமே கிளம்பினோம். அத்தை மட்டும் ஒரு யோசனையோடு வந்தாள்: தங்கையின் உச்சந்தலையில் பெரிய கொண்டை. டீச்சர் ரப்பர் பேண்டை உருவினார்.

“கொண்ட வளந்துகீது, கொயந்த வளரலியே! நேத்து இன்னா துன்னுச்சு?”

அம்மா அத்தையைப் பார்த்தாள். “நீதான ஊட்டுன?”

“ஒரு வாய்தான் குடுத்தேன் அண்ணி. மீதிய அண்ணன் தட்டுல துன்னுச்சுனு நெனச்சேன்.”

“என் தட்டுலயா?” என்றார் அப்பா. “அது எந்நேரமும் உங்க மடிலதான குந்திகினு கீது!”

அவள் வீட்டுக்கே செல்லம். யார் சாப்பிட உட்கார்ந்தாலும் ஒரு வாய் வாங்கிக்கொண்டு அடுத்த தட்டுக்கு ஓடுவாள். வயிறு நிறைய ஊட்டியது இன்னொருவர் என்று ஒவ்வொருவரும் நம்பியிருந்தோம்.

“அதுக்குன்னு ஒரு தட்டு வைங்க. முட்ட, பருப்பு, கீர எல்லாம் அதுல போடுங்க. எவ்ளோ மிச்சம்னு பாருங்க. நீயும் குந்தி ஊட்டணும் நைனா” என்று அப்பாவிடம் முடித்தார் டீச்சர்.

அடுத்த வாரமே தட்டு வந்தது. ஷிப்டு முடிந்து வரும் அப்பா சட்டைகூட மாற்றாமல் அதன் முன் உட்கார்வார். ஒரு துண்டு முட்டை மிஞ்சினாலும் வீட்டில் விசாரணைதான். பால்வாடி அட்டையில் கோடு மெல்ல ஏறத் தொடங்கியது.

எனக்கோ பொறாமை. குள்ளமாக இருந்தால் தட்டு பரிசாகக் கிடைக்கும் போலும் என்று, பள்ளியில் உயரம் அளந்தபோது முழங்காலை மடக்கி நின்றேன். இத்தனை பேர் கொஞ்சும் வீட்டிலும் ஒரு குழந்தை அரைவயிறாக இருக்க முடியும் என்பது அன்று எனக்குப் புரியவில்லை.

இன்று பட்டாபிராமில் ரயிலேறி வேலைக்குப் போகும் தங்கை என்னைவிட இரண்டு விரற்கடை உயரம்.

தட்டை வாங்கியது யார் என்பதை மட்டும் உறுதிசெய்ய முடியவில்லை. அத்தை என்கிறாள் அம்மா. தன் அண்ணன் என்கிறாள் அத்தை. டீச்சர் கொடுத்ததாக அப்பாவுக்கு நினைவு. ரசீது எதுவும் கிடைக்கவில்லை.