முப்பத்துநாலு டிகிரித் தண்ணீர்

எங்கள் மகள் ஐந்து வாரம் முந்திப் பிறந்தாள். கலியாணமாகி ஒன்பது வருடம் கழித்து வந்த பிள்ளை. இவளுக்கு உடம்புச் சூட்டைத் தக்கவைக்க இன்னும் தெரியாது, வீடு இருபத்திரண்டு டிகிரிக்குக் கீழே போகக் கூடாது என்று மருத்துவமனைத் தாதி திரும்பத் திரும்பச் சொன்னார். நான் எல்லாம் தெரிந்தவன் போலத் தலையாட்டினேன்.

ஜனவரி மாதம். ஒஸ்லோவில் வெளியே மைனஸ் பதினாறு. வெஸ்ட்லிப் பகுதியில் இருந்த மாடி வீட்டை விட்டு இந்தப் புது வீட்டுக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. பழைய வீட்டில் சுவரோரம் ஹீட்டர் இருந்தது, தொட்டால் சுடும். இங்கே தரைக்கு அடியில் குழாய்கள். வெளியே பெட்டி போல நிற்கும் வெப்பப் பம்பி, வெளிக்காற்றிலிருந்தே சூட்டை எடுத்து அவற்றில் ஓடும் தண்ணீரைச் சூடாக்குமாம். தரையைத் தொட்டால் சூடும் இல்லை, குளிரும் இல்லை. எனக்கு அதில் கடுகளவும் நம்பிக்கை வரவில்லை.

பிள்ளை மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வருவதற்கு முதல் நாள் என் கைவரிசையைக் காட்டினேன். பிள்ளை பெற்றவளுக்குத் தரைக் குளிர் ஏறக் கூடாது என்பது எங்கள் ஆட்களின் ரத்தத்தில் ஊறிய பயம். வீடு முழுக்கத் தடித்த கம்பளம் விரித்தேன், அதன்மேல் போர்வை, அதற்கும் மேலே பாய். போதாதென்று, பம்பியில் தண்ணீரின் சூட்டை ஐம்பத்தைந்துக்கு ஏற்றினேன்.

மனைவியும் பிள்ளையும் வந்த அன்று மதியமே பம்பி நின்றுவிட்டது. அறை பதினெட்டுக்கு இறங்கியது. பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய சின்ன மின் ஹீட்டர் எந்த மூலைக்கும் போதவில்லை. மனைவி பிள்ளையை வெறும் மார்போடு அணைத்துச் சால்வையால் கட்டியிருந்தாள்.

"இஞ்சருங்கோ, நாளைக்குக் காலமை வீடு சூடாகாட்டி நான் பிள்ளையோட திரும்ப ஆஸ்பத்திரிக்குப் போயிடுவன்."

என்னோடு சண்டை பிடிக்கக்கூட அவளிடம் தெம்பு இல்லை. உடனே பம்பி திருத்துகிறவர்களுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

பம்பி திருத்த திராமன் நகரத்திலிருந்து வந்தது ஓர் இளம் பெண், இங்கேயே பிறந்த தமிழ்ப் பிள்ளை. வீட்டை ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"ஹெர்ரேகுட்! கடவுளே, இதெல்லாம் ஆர் அண்ணா விரிச்சது?"

"நான்தான்."

"சூடு மேல வர வழியே இல்லை. கீழ போன தண்ணி சூடு குறையாமத் திரும்பி வருது. அதுக்குமேல ஐம்பத்தைஞ்சு கேட்டா, இந்தக் குளிருக்க பம்பி பாவம் என்ன செய்யும்? தன்னைத்தானே நிப்பாட்டிப்போட்டுது."

பம்பியை மறுபடி ஓடவிட்டு, சூட்டை முப்பத்துநாலுக்கு இறக்கினாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"பிள்ளைக்குக் குளிருது எண்டு சொல்லுறன், நீர் என்னெண்டா குறைக்கிறீர்!"

"உங்கட உடம்பை விடச் சூடு குறைஞ்ச தண்ணிதான் அண்ணா. ஆனா வீடு முழுக்க, ஒரு நிமிஷமும் நிக்காம ஓடும். காலமை பாருங்கோ."

அவள் போனபின் கம்பளங்களைச் சுருட்டிவிட்டு ஜன்னலருகே நின்றேன். பனிக்குள் அந்தப் பெட்டியின் விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. மூச்சு மீசையில் உறைகிற காற்று அது. அதற்குள்ளும் எடுப்பதற்குச் சூடு இருந்திருக்கிறது! நெருப்பு இல்லை, புகை இல்லை. குளிரிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகப் பொறுக்கி என் பிள்ளையின் காலடிக்கு அனுப்புகிறது. கோயிலில்கூட அவசரமாகக் கும்பிடுகிறவன் நான். அன்று அரை மணி நேரம் அசையாமல் நின்றேன். இத்தனை வருடம் இந்த ஊரில் இருந்தும், குளிர் என்றால் சூடே இல்லாதது என்றுதான் நினைத்திருந்தேன்.

இரவு படுக்கப் போகும்போது அறை பத்தொன்பது டிகிரி. காலையில் இருபத்திரண்டரை.

மனைவி தரையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். பிறகு அங்கேயே உட்கார்ந்து சால்வை முடிச்சை அவிழ்த்தாள். வீட்டுக்கு வந்ததிலிருந்து அவள் பிள்ளையை மார்பிலிருந்து இறக்கவே இல்லை. காலுறைகளைக் கழற்றி, சின்னப் பாதங்களைத் தன் கன்னத்தில் வைத்தாள்.

"சூடாயிருக்கு," என்றாள். பிள்ளையை என்னிடம் நீட்டினாள். "பிடியுங்கோ, நான் குளிச்சிட்டு வாறன்."

நான் மகளை வாங்கிக்கொண்டு அந்த வெறும் தரையில் உட்கார்ந்து அழுதேன்.