வெள்ளை லைட் கிருபாகரன்

செங்கல்பட்டு வட்டார ஒளி அமைப்பாளர் நலச் சங்கம் மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குக் கூடும். செவ்வாயில் யாரும் கல்யாணம் வைப்பதில்லை. சீரியல் பல்பு கட்டுகிறவர்களுக்கு அதுதான் ஞாயிற்றுக்கிழமை. கூடுகிற இடம் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடம். மண்டபக்காரர் வாடகை கேட்பதில்லை. அறுபத்தொரு லைட்டுக்காரர்கள் வந்து உட்கார்ந்தால், ஓடாத ஃபேன்களில் ஒன்றாவது ஓட ஆரம்பிக்கும் என்று அவருக்குத் தெரியும்.

சங்கம் செய்கிற காரியங்கள் கொஞ்சநஞ்சமல்ல. உறுப்பினர் வீட்டில் சாவு விழுந்தால் தெருவுக்கு இலவசமாக டியூப் லைட் கட்டும். ஒருவர் கட்டிய சீரியலை இன்னொருவர் அவிழ்த்தால் பஞ்சாயத்து பேசும். வருஷத்துக்கு ஒருமுறை சிறந்த அலங்காரத்துக்குக் கேடயம் கொடுக்கும். ஒரு காலண்டரும் போடும். இந்த வருஷக் காலண்டரில் தலைவர் சதாசிவத்தின் படத்துக்குக் கீழே இப்படி ஒரு வாசகம்: "கலர் கண்ணோடு நின்றுவிடும், வெள்ளை மனசு வரைக்கும் போகும். – கருங்குழி கிருபாகரன்."

இதைச் சொன்ன கிருபாகரனுக்கு சிவப்புக்கும் பச்சைக்கும் வித்தியாசம் தெரியாது.

சங்கத்தில் யாருக்கும் இது தெரியாது. தெரிந்த ஜீவன்கள் இரண்டே இரண்டு: மனைவி ஜாய்ஸ், நர்சிங் படிக்கிற மகள் பிரிசில்லா.

கிருபாகரனின் அப்பா அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போனவர். பன்னிரண்டு வயதில் மகனையும் மிளகாய்ப் பழம் பறிக்க அழைத்துப் போனார். மகன் கூடை நிறையப் பறித்தான். பாதி பழம், பாதி காய். மறுநாளும் அப்படியே. "இவனுக்குக் கண்ணு எங்க கீது?" என்று கத்தி நிலத்துக்காரர் விரட்டிவிட்டார். வேறு வழியில்லாமல் அப்பா அவனை மதுராந்தகத்தில் ஒரு மைக் செட் கடையில் சேர்த்துவிட்டார். கலர் தெரியாது என்று வயலிலிருந்து துரத்தப்பட்டவனுக்கு அங்கே கிடைத்த முதல் வேலை, கலர் பல்புகளைப் பிரித்து வைப்பது.

ஜாய்ஸுக்கு விஷயம் தெரிந்தது கல்யாணமான வருஷம். கிறிஸ்துமஸுக்கு ஒரு புடவை வாங்கிக் கொடுத்து, "பச்ச உனக்கு எடுப்பா கீது" என்றார்.

"இன்னாய்யா சொல்ற? இது காப்பித்தூள் கலரு."

"ரெண்டும் ஒண்ணுதான?"

அடுத்த நாளே ஜாய்ஸ் ஒயர்க் கட்டுகளையெல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு நூல் கட்ட உட்கார்ந்தாள். கரண்டு வருகிற சிவப்பு ஒயரின் நுனியில் ஒரு முடிச்சு. எர்த் கொடுக்கிற பச்சை ஒயரில் இரண்டு முடிச்சு. கருப்புக்கு ஒன்றும் இல்லை. இருபத்திரண்டு வருஷமாகக் கிருபாகரன் விரலால்தான் கலர் பார்க்கிறார். அவருடைய பந்தலில் ஒரு கோழிக்குக்கூட ஷாக் அடித்ததில்லை. கூட வேலை செய்கிறவர்கள் அதை ஜெபக் கயிறு என்று நினைத்து மரியாதையாகத் தொடுவார்கள்.

அலங்காரத்துக்கு முடிச்சு உதவாது. எந்தப் பல்பை எதன் பக்கத்தில் வைப்பது என்று நூல் சொல்லாது. அதனால் அவர் வெள்ளைக்கு மாறினார். இளமஞ்சள் வெள்ளை, பால் வெள்ளை, நிலா வெள்ளை என்று வெள்ளையில் மட்டும் அவருக்குக் கழுகுக் கண். மற்றவர்களுக்கு ஒன்றாகத் தெரிகிற இரண்டு பல்புகளில் எது கொஞ்சம் நீலம் என்று பத்தடி தள்ளி நின்று சொல்லிவிடுவார்.

அந்தச் சமயத்தில்தான் கிழக்குக் கடற்கரைச் சாலை ரிசார்ட்டுகளில் கல்யாணங்கள் வர ஆரம்பித்தன. ஊரெல்லாம் ஊதாவும் ரோஸும் ஓடிக்கொண்டிருந்தபோது, சென்னையிலிருந்து வந்த சிநேகா என்ற கல்யாண ஏற்பாட்டாளர் கிருபாகரனின் வெள்ளைப் பந்தலைப் பார்த்துவிட்டு, "சார், உங்களுக்கு என்ன ஒரு டேஸ்ட்!" என்றாள். அன்றிலிருந்து அவர் டேஸ்ட் உள்ளவர். சங்கத்தில் ஒருவர், "ஏன் அண்ணாத்த கலரே போட மாட்டேன்ற?" என்று மடக்கியபோது, தப்பிப்பதற்காக வாய்க்கு வந்ததைச் சொன்னார். அதுதான் காலண்டரில் ஏறிவிட்டது.

அவருக்கு நேர் எதிர், மாமல்லபுரம் பக்கத்துக் குப்பத்தைச் சேர்ந்த தேசப்பன். கடலோரக் குப்பங்களில் கோயில் திருவிழா என்றால் தேசப்பன்தான். எந்தக் கலர் எதன் பக்கத்தில் வரும் என்று அந்தக் கடலுக்கே தெரியாது. பதினோரு வருஷம் முன்பு மாரியம்மன் முகத்துக்கு அவர் போட்ட லைட்டைப் பார்த்து ஜனங்கள், "ஆத்தா பச்சையம்மனா வந்துட்டா!" என்று விழுந்து கும்பிட்டார்கள். அந்த வருஷக் கேடயம் அவருக்குப் போனது. தேசப்பன் அன்றோடு குடியை நிறுத்தினார். திருவிழா பத்து நாளும் செருப்புப் போடுவதில்லை. காரணம் கேட்டால், "நான் போட்டது செவப்பு. அவ பச்சையா நின்னா. அப்புறம் இன்னா சொல்றது?" என்பார். யாரைப் பார்த்தாலும் அவருக்கு வாய் நிற்காது, சர்ச்சுக்குப் போகிற கிருபாகரனைப் பார்த்தால் இன்னும் அதிகம்.

"இன்னா பாஸ்டரே, இன்னிக்கும் வெள்ளதானா? கரண்டு கம்பெனி உனுக்கு கலரு குடுக்க மாட்டேன்னுட்டானா?"

"உன்னோட திருவிழாவுக்கே எல்லாத்தையும் வாங்கினு போயிட்ட மச்சான். மிச்சம் எங்க கீது?"

இப்படிப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் ஒரு வாட்ஸ்அப் செய்தி விழுந்தது. முந்தின மாதம் ஓர் உறுப்பினர் எர்த் ஒயரில் கரண்டைக் கொடுத்து, வரவேற்பு வளைவைத் தொட்ட மாப்பிள்ளையின் மாமாவுக்கு ஷாக் அடித்துவிட்டது. மாமா பிழைத்துக்கொண்டார், சாப்பிட மட்டும் மறுத்துவிட்டார். சங்கத்துக்குக் கெட்ட பெயர். ஆகவே தலைவர் சதாசிவம் இலவசக் கண் முகாம் ஏற்பாடு செய்திருக்கிறார். கலர் பார்வை சரியாக இருப்பவர்களுக்கு மட்டுமே இந்த வருஷம் அடையாள அட்டை.

அட்டை இல்லாவிட்டால் ரிசார்ட் கேட்டில் செக்யூரிட்டி உள்ளே விடமாட்டார். அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. டேஸ்ட் என்று இத்தனை வருஷம் ஊர் கொண்டாடியது மிளகாய்ச் செடியில் முழித்த அதே பையனைத்தான் என்பது அறுபது பேர் முன்னால் தெரிந்துவிடும்.

"நைனா, இதுக்கு மருந்து இல்ல," என்றாள் பிரிசில்லா. "ஆனா புக்கு ஒண்ணுதான். புள்ளி புள்ளியா இருக்கும், உள்ள நம்பர் ஒளிஞ்சினு இருக்கும். வரிசையா மனப்பாடம் பண்ணிடு."

"பொய் சொல்லக் கத்துக் குடுக்குறியாடி?" என்றாள் ஜாய்ஸ். பிறகு அவளே தினமும் ஒப்பிக்க வைத்தாள். பன்னிரண்டு, எட்டு, ஆறு, இருபத்தொன்பது. ஞாயிறு பள்ளி வசனம்போல ஒரு வாரத்தில் வாயில் ஏறிவிட்டது.

செவ்வாய்க்கிழமை வந்தது. சாப்பாட்டு மேசைக்குப் பின்னால் ஜெனிட்டா என்ற பெண் வெள்ளைக் கோட்டு போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"உக்காருங்கண்ணா."

"பன்னெண்டு," என்றார் கிருபாகரன்.

"அண்ணா, நான் இன்னும் புக்கத் தொறக்கல."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஜெனிட்டா சிரிக்கவில்லை. முதல் பக்கத்தைக் காட்டினாள். அந்தப் பன்னிரண்டு கலர் தெரியாதவர்களுக்கும் தெரியும். பிறகு புத்தகத்தைப் பின்னாலிருந்து திருப்பினாள்.

"எட்டு."

"இதுல நம்பரே இல்லண்ணா. வளைஞ்சு போற கோடு."

"ஆறு," என்றார், நிறுத்த முடியாமல்.

அவள் குரலைத் தாழ்த்தினாள். "உங்களுக்கு சிவப்பு பச்சை தெரியல. பொறந்ததுல இருந்தே இப்பிடித்தான் இருந்திருக்கும். வியாதி இல்லண்ணா. ஆனா நான் லிஸ்ட்ல எழுதணும்."

கிருபாகரன் டீயை வாங்கிக்கொண்டு ஜன்னல் ஓரம் போய் நின்றார். டீ ஆறிக்கொண்டிருந்தது. அப்போதுதான் அந்தக் குரல் கூடத்தை நிறைத்தது.

"இன்னாம்மா, வெறும் புள்ளியா கீது? அச்சடிச்சவன் நம்பர வுட்டுட்டான் பாரு!" தேசப்பன். "இதுலயும் வுட்டுட்டான். இதுலயும். யாரும்மா உனுக்கு இந்த புக்க வித்தது?"

எல்லோரும் சிரித்தார்கள். கிருபாகரன் மட்டும் சிரிக்கவில்லை. தேசப்பன் விளையாடவில்லை என்பது அந்தக் கூடத்தில் ஜெனிட்டாவைத் தவிர அவர் ஒருவருக்குத்தான் புரிந்தது. தான் இத்தனை வருஷம் ஒளித்து வைத்ததை இவன் ஐம்பது வருஷமாகத் தெரிந்துகொள்ளவே இல்லை. ஜெனிட்டா எழுந்து தேசப்பன் காதருகே ஏதோ சொன்னாள். தேசப்பன் வாயை மூடியதைச் சங்கம் அன்றுதான் முதன்முதலில் பார்த்தது.

பதினொன்றரைக்குத் தலைவர் சதாசிவம் மைக்கைப் பிடித்தார்.

"ரெண்டு பேரோட பேரு வந்துகீது. வருத்தமாத்தான் கீது, ஆனா ரூல்னா ரூல். ஒண்ணு, தேசப்பன்."

"அதான பார்த்தேன்!" என்றார் ஒருவர். "இவன் லைட்டு போட்ட மயில் கட் அவுட்டப் பார்த்தப்பவே நெனச்சேன்" என்றார் இன்னொருவர். தேசப்பன் அண்ணாந்து ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னொண்ணு…" சதாசிவம் தாளைக் கண்ணருகே கொண்டுபோனார். சிரித்தார். "நம்ம கிருபாகரன் பேர எழுதிகீது! சின்னப் பொண்ணு, பாவம், ஆளு தெரியாம எழுதிடுச்சு. அவுரு டேஸ்ட்டு பட்டணத்துக்கே தெரியும்." பேனாவை எடுத்து அந்தப் பெயரை அடித்தார். ஜெனிட்டா ஏதோ சொல்ல வாயெடுத்தாள், கைதட்டலில் கேட்கவில்லை.

அவ்வளவுதான். கிருபாகரன் ஒன்றுமே செய்ய வேண்டியதில்லை. அட்டை வந்துவிட்டது, பெயரும் தப்பிவிட்டது. டீயைக் குடித்துவிட்டுக் கருங்குழிக்கு பஸ் ஏறலாம். தேசப்பன் இன்னும் ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஃபேன் ஓடவில்லை.

"தலைவரே, அந்தப் பேர அடிக்காதீங்க," என்றார் கிருபாகரன். "அந்தப் பொண்ணு எழுதனது சரி. எனுக்கு செவப்பு பச்ச தெரியாது. அதனாலதான் வெள்ள."

அவர் மிளகாய்க் கதையைச் சொன்னார். காப்பித்தூள் புடவையைச் சொன்னார். சொல்லி முடித்தபோது முதலில் ஒருவர் கை தட்டினார், பிறகு எல்லோரும் தட்டினார்கள். சதாசிவம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பாத்தீங்களாய்யா? தேசப்பன் தனியா அவமானப்படக் கூடாதுன்னு தன் பேர தானே கெடுத்துக்கிறாரு. இதான்யா பெரிய மனுசன்!"

"அய்யோ, நெசமாத்தான் சொல்றேன்!" கிருபாகரன் தன் பையிலிருந்து ஒயர்க் கட்டு ஒன்றை உருவினார். "இந்த முடிச்சு இல்லாட்டி எனுக்கு ஒண்ணும் தெரியாது. பாருங்க." கண்ணை இறுக மூடிக்கொண்டு நுனிகளைத் தடவினார். "இது கரண்டு. இது எர்த்து. இது கரண்டு."

ஒன்றுகூடத் தப்பவில்லை. கண்ணைத் திறந்தபோது, தன்னைக் காட்டிக்கொடுக்க அவர் எடுத்த கடைசி முயற்சியும் வீணாகிவிட்டது தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டே கலர் சொல்கிறவருக்குக் கலர் தெரியாது என்று யார் நம்புவார்கள்?

அன்று நிறைவேறிய தீர்மானம் சங்கத்தின் நோட்டில் இருக்கிறது. "திரு. கிருபாகரன் அவர்களின் பெருந்தன்மையை மதித்து", கலர் பார்வை விதி கைவிடப்படுகிறது. அவர் கண்டுபிடித்த முடிச்சு முறையை இனி எல்லா உறுப்பினர்களும் பின்பற்ற வேண்டும். தேசப்பனுக்கும் அட்டை உண்டு. முடிச்சைக் கண்டுபிடித்த ஜாய்ஸின் பெயர் தீர்மானத்தில் இல்லை.

மண்டபத்துப் படியில் தேசப்பன் காத்திருந்தார். அன்று கிருபாகரன் சொன்னதைச் சங்கத்தில் நம்பிய ஒரே ஆள்.

"நெசமாத்தான சொன்ன பாஸ்டரே?"

"நெசந்தான் மச்சான்."

தேசப்பன் செருப்பை மாட்டப் போன காலைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "அப்ப அன்னிக்கு… ஆத்தா மொகத்துல. நான் போட்டது செவப்பா, பச்சையா? நீயும் வந்து பாத்தியே."

கிருபாகரனுக்கு அந்தச் சாயங்காலம் நினைவிருந்தது. கூட்டத்தில் நின்று, எல்லோரும் பச்சை பச்சை என்று கும்பிட்டபோது தானும் கும்பிடுவதுபோல் தலையசைத்தார். கூட வந்திருந்த ஜாய்ஸைக் கேட்டால் அந்தப் பல்பு எந்தக் கலர் என்று தெரியும். ஜாய்ஸைக் கேட்கக் கூடாது என்று இப்போது தோன்றியது.

"எனுக்கு எப்பிடி மச்சான் தெரியும்?" என்றார்.

தேசப்பனின் முகம் தெளிந்தது. "அதான? ஆத்தாவுக்குத்தான் தெரியும்" என்று சொல்லி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெயிலில் இறங்கினார்.