தண்ணீரில் விழுந்த கைபேசி: தாம்பரம், ஒரகடம், நடுவில் படப்பை

சென்ற சனிக்கிழமை ஒரகடம் போய்வந்தேன். தொழிற்சாலையும் லாரியும் தவிர அங்கே பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் இந்தப் பக்கத்தை இப்போதே மூடிவிடலாம். அந்தப் பக்கம் வேலைக்குப் போயிருக்கும் பிள்ளைகளைப் பார்க்கக் கிளம்பும் பெற்றோருக்காக எழுதுகிறேன். புகைப்படம் ஒன்றுகூட இல்லை. காரணம் கடைசியில் வரும்.

என் தம்பி மகள் மாரிச்செல்விக்குச் சங்கரன்கோவில் பக்கம். இரண்டு ஆண்டுகளாக ஒரகடத்தில் கைபேசிக் கண்ணாடி செய்யும் கம்பெனி ஒன்றில் வேலை. மூன்று பெண்கள் சேர்ந்து ஓர் அறை எடுத்திருக்கிறார்கள். போன வாரம் மூன்று நாள் மாலையில் அவளைக் கூப்பிட்டேன். மூன்று நாளும் கைபேசி அணைந்திருந்தது. மூன்று நாளும் இரவு எட்டு மணிக்கு அவளே கூப்பிட்டு, "போன் தண்ணியில விழுந்துட்டு பெரியப்பா" என்றாள். விழுந்த கைபேசி எட்டு மணிக்கு எப்படிப் பேசுகிறது என்று எனக்கு அப்போதே தோன்றியிருக்க வேண்டும். அவள் பேச்சை ஒலிபெருக்கியில் போட்டுவிட்டுக் கண்ணால் வேறெதையோ பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பிள்ளைகள் தங்கியிருக்கும் இடத்தில் குளியலறையில் போன் வைக்க ஒரு தட்டுகூட இல்லை போலிருக்கிறது, வீட்டுக்காரனை நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று முடிவு செய்து, தாம்பரத்தில் நூற்றிருபது ரூபாய்க்குத் தண்ணீர் புகாத உறை ஒன்று வாங்கினேன்.

பையில் இன்னொன்றும் இருந்தது. 144 பக்கம் மெய்ப்பு. புத்தகம் அச்சுக்குப் போகுமுன் பக்கங்களைப் படித்துப் பிழை நீக்கும் வேலையை முப்பது ஆண்டுகளாகச் செய்கிறேன். பஸ் டெப்போவில் டயர் கழற்றிய கையோடு இலக்கணம் படித்தவன் நான். பட்டம் கிடையாது. பட்டம் வைத்திருப்பவர்கள் விட்ட பிழைகளைப் பட்டியல் போட்டு வைத்திருக்கிறேன், யாரும் கேட்பதில்லை. ஆனால் நான் விட்ட ஒரு பிழையை எல்லோரும் கேட்டார்கள்.

படப்பையில் ஏகாம்பரம் என்று ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர், தான் கடிதம் கொடுத்த தெருக்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். முதல் பக்கத்தில் "மறைந்த என் தந்தைக்கு" என்று இருக்க வேண்டும். "மறந்த என் தந்தைக்கு" என்று அச்சாகிவிட்டது. ஒரு கொம்பு போனது. வெளியீட்டு விழா மேடையில் அவருடைய பேத்தி அதை உரக்கப் படித்துவிட்டு, "தாத்தா, உங்கப்பாவ மறந்துட்டியா?" என்று கேட்டாள். கூட்டம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. நான் தட்டச்சு செய்தவர்மேல் பழியைப் போட்டேன். பத்து மாதமாக அதையே சொல்லி வந்தேன். பதிப்பாளர் இந்த 144 பக்கத்தைக் கொடுக்கும்போது, "திங்கட்கிழமைக்குள் வேண்டும். இதிலும் அப்படி ஒன்று வந்தால் இனி கணினியிடமே கொடுத்துவிடுகிறேன்" என்றார். கணினியிடம்! கேட்டுக்கொண்டு வந்தேன்.

காலை 10.05க்கு மேற்குத் தாம்பரத்தில் ஸ்ரீபெரும்புதூர் பேருந்து. எண்ணை எழுத மாட்டேன், நான் எழுதி நீங்கள் போகும்போது மாற்றியிருப்பார்கள், என்னைத் திட்டுவீர்கள். ஒரகடத்துக்கு 28 ரூபாய். இடது பக்க ஜன்னல் கிடைத்தது. மெய்ப்பை எடுத்து மடியில் வைத்தேன். முடிச்சூர் தாண்டும்வரை ஒழுங்காகத்தான் படித்தேன். 10.45க்குப் படப்பை வந்தது. மனை விற்கும் பலகைகளுக்கு நடுவே ஏகாம்பரம் வீட்டுத் தெரு அந்த ஜன்னல் பக்கமே இருக்கிறது. அதைப் பார்க்காமலிருக்க மெய்ப்பை மூடிவிட்டுக் கைபேசியை எடுத்தேன். ஒரு நிமிடம் என்றுதான் எடுத்தேன்.

தலை நிமிர்ந்தபோது நடத்துநர் முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

"இன்னா பெர்சு, ஒரகடம் ஒரகடம்னு நாலு தபா கத்துனேன். தூங்கினு கீறேன்னு பாத்தா, குந்திகினு பூனை படம் பாத்துகினு கீற!"

"பூனை இல்லைங்க. கீரிப்பிள்ளை."

"கீரியோ பூனையோ, ஸ்ரீபெரும்புதூருக்கு இன்னொரு டிக்கெட் எடு."

பின்னால் நீலச் சட்டை போட்ட பையன்கள் நாலு பேர் சிரித்தார்கள். பதினைந்து ரூபாய், பன்னிரண்டு கிலோமீட்டர் அதிகம். 11.50க்கு ஸ்ரீபெரும்புதூர். திரும்ப இன்னொரு பதினைந்து ரூபாய். ஒரகடம் கூட்டுரோட்டில் இறங்கியபோது மணி 12.40. நடத்துநர் மெதுவாகத்தான் கத்தினார் என்று இப்போதும் நினைக்கிறேன். ஆனால் நாலு முறை கத்தியிருக்கிறார்.

கூட்டுரோடு மெஸ் ஒன்றில் சாப்பாடு எண்பது ரூபாய். ரசம் நன்றாக இருந்தது, பொரியலில் உப்பு இல்லை, சொன்னேன். அங்கிருந்து மாரிச்செல்வியின் அறை இருக்கும் தெருவுக்கு ஷேர் ஆட்டோவில் இருபது ரூபாய், ஒன்றரை கிலோமீட்டர். 2.40க்குக் கம்பெனிப் பேருந்துகள் வர ஆரம்பித்தன. இதை ஒருமுறை நின்று பாருங்கள். ஒன்றன்பின் ஒன்றாக வெள்ளைப் பேருந்துகள். கழுத்தில் அட்டையோடு பெண்கள் இறங்குகிறார்கள், இடிக்கவில்லை, முந்தவில்லை. விடிகாலை நாலரைக்கு எழுந்து ஒரு ஷிப்டை முடித்துவிட்டு வரும் முகங்கள். சென்னையில் காலையில் குளித்துவிட்டுக் கிளம்பும் முகங்கள்கூட இவ்வளவு தெளிவாக இருப்பதில்லை.

மாரிச்செல்வி என்னைப் பார்த்ததும், "என்ன பெரியப்பா, சொல்லாம கொள்ளாம வந்துட்டிய! ஊர்ல யாருக்கும் ஒண்ணும் இல்லயே?" என்றாள்.

"ஊரில் எல்லாரும் சௌக்கியம். உன் போன்தான் சௌக்கியமில்லை" என்று உறையை நீட்டினேன்.

அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அறைத்தோழி ரோஸ்லின், ராதாபுரத்துப் பெண், விழுந்து விழுந்து சிரித்தாள். "ஏட்டி மாரி, பெரியப்பா நெசமாவே தண்ணியில விழுந்துட்டுன்னு நெனச்சிட்டாவ!"

அப்புறம்தான் விளக்கம் வந்தது. ஒருமுறை மாரியின் கைபேசி உண்மையாகவே குளியலறை வாளிக்குள் விழுந்தது. ஈரம் இழுக்கும் என்று மூன்று நாள் அரிசி டிரம்முக்குள் புதைத்து வைத்திருக்கிறாள். அந்த மூன்று நாளில், தபால் வழியில் படிக்கும் பட்டப் படிப்பில் ஆறு மாதமாகத் திறக்காத ஒரு புத்தகத்தை முடித்துவிட்டாள். கைபேசி பிழைத்துக்கொண்டது. நாலாம் நாள் மாலை புத்தகத்தை எடுத்தால் இரண்டு பக்கம் ஓடவில்லை. எழுந்து போய்க் கைபேசியைத் திரும்பவும் அரிசிக்குள் புதைத்தாள். ரோஸ்லினும், அன்று இரண்டாம் ஷிப்டுக்குப் போயிருந்த மூன்றாவது பெண்ணும் சேர்ந்துகொண்டார்கள். வேலை முடிந்து வந்ததும் உள்ளே போகும், ஆறு மணிக்கு உலை வைக்க அரிசி அளக்கும்போது வெளியே வரும். அப்போதும் எட்டு மணி வரை யாரும் திறப்பதில்லையாம். கேட்பவர்களுக்கெல்லாம் ஒரே பதில், தண்ணியில விழுந்துட்டு.

"மேசை டிராயரில் வைத்துப் பூட்டினால் போதாதா?" என்றேன்.

"டிராயரத் தொறந்துருவோம் பெரியப்பா. அரிசிக்குள்ள கைய விட்டா கையெல்லாம் மாவு. வெக்கமாயிரும்" என்றாள் ரோஸ்லின்.

"நீ என்னம்மா படிக்கிறாய்?"

"நான் ஒண்ணும் படிக்கல. சும்மா ஜன்னலப் பாத்துட்டு இருப்பேன். நல்லாத்தான் இருக்கு."

மாரி வேலையைப் பற்றியும் சொன்னாள். கண்ணாடியில் கீறல், தூசி இருக்கிறதா என்று விளக்குக்குக் கீழே வைத்துப் பார்க்க வேண்டும். ஒன்றுக்கு இருபது நொடி. நான் அதை ஒரு சின்ன வேலை என்று நினைத்திருந்தேன்.

"புதுசா வாரவங்க எங்க தப்பு விடுவாங்க தெரியுமா பெரியப்பா? எதாச்சும் கெடைக்கணும்னு கண்ணு பறக்கும். மேல பாக்கும், நடுவுல தாவும், அடுத்தத எடுக்கும். ஆனா முக்காவாசி கண்ணாடியில ஒண்ணுமே இருக்காது. அந்த ஒண்ணும் இல்லாதத முழுசாப் பாக்கணும். இடது மூலையில தொடங்கி, பாம்பு மாதிரி வளைஞ்சு, கீழ வரைக்கும். அது வந்துட்டுன்னா வேல வந்துட்டு."

முப்பது ஆண்டு மெய்ப்புத் திருத்தியவனிடம் இதை யாரும் சொன்னதில்லை. எனக்குத் தெரிந்ததுதான், ஆனால் தெரிந்ததையே தொலைத்திருந்தேன். ஒன்றும் இல்லாத பக்கத்தை என்னால் இப்போது பொறுக்க முடிவதில்லை. பத்து வரி பிழையில்லாமல் போனால் கை சட்டைப் பைக்குப் போகிறது.

அவள் டிரம் மூடியைத் திறந்தாள். "உங்க போனும் தண்ணியில விழட்டும் பெரியப்பா."

"எனக்கு அவசர அழைப்பு வரும்."

"யாரு கூப்பிடுவா?"

கேலியாக இல்லை, சாதாரணமாகத்தான் கேட்டாள். 3.30க்குக் கொடுத்தேன். புழுங்கலரிசிக்குள் மூன்றாவதாக என்னுடையதும் போயிற்று.

முதல் இருபது நிமிடம் கை எத்தனை முறை சட்டைப் பைக்குப் போயிற்று என்று ரோஸ்லின் எண்ணியிருக்கிறாள். ஏழு. எட்டாவது முறை போகவில்லை. மாரி தரையில் சம்மணம் போட்டுப் படித்தாள், ரோஸ்லின் ஜன்னலைப் பார்த்தாள், நான் அட்டை ஒன்றை வரிக்குக் கீழே வைத்து, மேல் இடது மூலையிலிருந்து தொடங்கினேன். முதல் பக்கத்திலிருந்தே தொடங்கினேன். வீட்டில் பார்த்து முடித்துக் கையெழுத்துப் போட்ட பக்கங்கள்தான். பதின்மூன்று பக்கம் ஒன்றும் இல்லை. அந்த ஒன்றும் இல்லாததை முழுதாகப் பார்த்தேன். பதினான்காம் பக்கத்தில், "வீட்டுக் கொள்ளையில் மல்லிகை பூத்திருந்தது" என்று இருந்தது. கொல்லை. பக்கத்தின் கீழே சரி என்று என் கையெழுத்து.

தட்டச்சுக்காரர் அதை அடித்தார். சரி என்று கையெழுத்துப் போட்டவன் நான். ஏகாம்பரம் புத்தகத்தின் முதல் பக்கத்திலும் அப்படித்தான் போட்டிருப்பேன். எந்தக் கீரிப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தேனோ.

5.30க்கு எழுந்துவிட்டேன். "சாப்பிட்டுட்டுப் போலாம் பெரியப்பா, இன்னும் உலையே வைக்கலயே" என்றாள் மாரி. படப்பையில் ஒரு வேலை இருக்கிறது என்றேன். இருவரும் ஆட்டோ வரை வந்தார்கள். உறையை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "கல்லுப்பு போட்டு வச்சா நீர் விடாதுல்லா" என்றாள் ரோஸ்லின்.

படப்பை 6.25. கதவைத் திறந்த ஏகாம்பரம், "வாங்க சார், இன்னா இந்தப் பக்கம்?" என்றார். உட்காரச் சொல்வதற்குள் சொல்லிவிட்டேன், உட்கார்ந்தால் சொல்லியிருக்க மாட்டேன். "மறந்த என்று வந்தது என் பிழை. அடுத்தவர்மேல் போட்டேன். என் பிழைதான்."

"இத்த சொல்றதுக்கா பஸ்ஸ வுட்டு எறங்குனீங்க?"

"ஆமாம்."

"பத்து மாசமாச்சே சார்."

"ஆமாம்."

உள்ளே திரும்பித் தேநீர் போடச் சொன்னார். பிறகு கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு மூட்டையை இழுத்தார். "யாருக்காவது குடுக்கறச்சே நானே பேனாவால அந்தக் கொம்ப போட்டுத்தான் குடுக்கறேன். கை நடுங்குது, கோணையா வுழுது. அதான் பாதிக்கு மேல குடுக்காமயே கீது."

கறுப்புப் பேனாவை வாங்கினேன். எழுபத்திரண்டு பிரதிகள். 'றந்த'வுக்கு முன்னால் சின்ன இடைவெளிதான், அதற்குள் சங்கிலிக் கொம்பு அச்செழுத்துபோலவே உட்கார வேண்டும். ஒரு மணி நேரமும் இருபது நிமிடமும் ஆயிற்று. ஒன்றுகூடக் கோணவில்லை. முடித்தபோது அவர் ஒரு பிரதியை விளக்கருகே பிடித்துப் பார்த்துவிட்டு, "எங்கப்பா திரும்ப வந்துட்டாரு" என்றார். பிறகு என் கைபேசி எண்ணைக் கேட்டார். எண் நினைவில் இல்லை, பார்த்துச் சொல்லலாம் என்று சட்டைப் பையில் கை விட்டேன். பை காலி.

ஒன்பது மணிக்கு வீட்டுக்கு வந்தால் மனைவி வாசலிலேயே நின்றாள். "மாரி கூப்பிட்டா. உங்க போன் தண்ணியில விழுந்துடுச்சாமே? அதுக்குத்தான் கவர் வாங்கிட்டுப் போனீங்களாக்கும்!"

போகிறவர்களுக்குச் சில சொற்கள். முதல் ஷிப்ட் பிள்ளைகளைப் பார்க்க மூன்று மணிக்குப் போய்ச் சேருங்கள், முன்னால் போனால் வெயிலில் நிற்க வேண்டும். தாம்பரத்தில் இடது ஜன்னல் நல்லது. போகவரப் பேருந்துக்கு ஐம்பத்தாறு ரூபாய் போதும், என்னைப் போல முப்பது ரூபாய் அதிகம் கொடுக்காதீர்கள். பிள்ளைகள் மாலையில் எடுக்கவில்லை என்றால் பதறாதீர்கள், எட்டு மணிவரை பொறுங்கள். அவர்களுக்கு எதுவும் வாங்கிப்போவதென்றால் அரிசி வாங்கிப்போங்கள்.

144 பக்கத்தையும் ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து திரும்பப் படித்தேன். இன்னும் மூன்று பிழை கிடைத்தது. திங்களன்று காலை பதிப்பாளர் மேசையில் வைத்தேன். அவர் அடுத்த மெய்ப்புக் கட்டை எடுத்துக் கொடுத்தார். கணினியைப் பற்றிப் பேச்சில்லை. நானும் எடுக்கவில்லை.

இதை வீட்டுக் கணினியில் தட்டுகிறேன். கைபேசியை எடுத்து வரட்டுமா என்று ரோஸ்லின் கேட்டனுப்பினாள், அடுத்த மாதம் வந்தால் போதும் என்று சொல்லிவிட்டேன். அதுவரை அது ஒரகடத்தில், அரிசிக்குள், நான் மறந்த கைபேசி. இந்த இடத்தில் அந்தச் சொல் சரி. கொம்பு வேண்டாம்.