என் டீமுக்குக் கண்ணீர் அஞ்சலி

இங்கிலாந்தில் ஒரு சின்ன ஊரில் என் நாத்தனார் நர்ஸாக இருக்கிறார். தனிக்கட்டை. சனிக்கிழமையானால் அந்த ஊர் கால்பந்து மைதானத்து டீக்கடையில் சும்மா உதவிக்கு நிற்பார். அங்கிருந்தே தம்பிக்கு, அதாவது என் வீட்டுக்காரருக்கு, வீடியோ கால் போடுவார். திண்டிவனத்தில் எங்களுக்கு அப்போது விளக்கு வைத்த நேரமாக இருக்கும். மற்ற நாட்களில் அக்காவும் தம்பியும் "சாப்டியா", "சாப்டேன்" என்பதோடு சரி. சனிக்கிழமை மேட்ச் முடிகிறவரை ஓயாத பேச்சு.

டிவியில் காட்டுகிற பெரிய டீம் இல்லை அது. தபால்காரரும் குழாய் ரிப்பேர் செய்கிறவரும் வேலை நேரம் போக ஆடுகிற கீழ்மட்ட லீக். சீசன் முடிவில் முதலில் வருகிற டீம் மேல் டிவிஷனுக்கு ஏறும், கடைசியில் நிற்பவை கீழே இறங்கும். என் வீட்டுக்காரர் தன் அக்கா ஊர் டீமைப் பிடித்துக்கொண்டதால், வீம்புக்கென்றே நான் பக்கத்து ஊர் டீமைப் பிடித்துக்கொண்டேன். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் ஒரே பக்கம் நின்றால் வீட்டில் பேச என்ன இருக்கிறது?

அந்த சீசனில் என் டீம் தோற்றுக்கொண்டே வந்தது. நாத்தனார் ஊர் மைதானத்தில் கடைசி மேட்ச்; டிரா ஆனால் கீழே இறங்காமல் தப்பித்துவிடலாம். முடியப்போகிற நேரத்தில் எங்கள் கோல்கீப்பர் கையிலிருந்து பந்து நழுவி உள்ளே போனது. அரிந்துகொண்டிருந்த வெண்டைக்காயை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். கண்ணால் பார்க்காத ஊருக்காக எனக்கு அழுகை வந்ததை என்னாலேயே நம்ப முடியவில்லை.

மறுநாள் காலையில் கதவைத் திறந்தால், எதிர்வீட்டு அக்கா கையில் மாலையோடு நிற்கிறார்.

"யாரும்மா தவறிட்டாங்க? ஒரு வார்த்தை சொல்லலியே."

அவர் காட்டிய பக்கம் கேட்டை எட்டிப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் ஃப்ளெக்ஸ் கடை வைத்திருக்கிறார். கறுப்பு பார்டர், நீர் வடிக்கும் இரண்டு கண்கள், நடுவில் என் டீமின் சின்னம், மேலே 'கண்ணீர் அஞ்சலி', கீழே 'மீளாத் துயரில் மனைவி' என்று அச்சடித்துக் கேட்டில் கட்டியிருந்தார். விஷயம் தெரிந்ததும் அந்த அக்கா, "வூட்டு வாசல்ல இன்னா வெளையாட்டு இது?" என்று திட்டிவிட்டுப் போனார். சாவுக்கு வாங்கிய மாலை, சாமிக்கும் போட முடியாது. என் வீட்டுக்காரர் அதற்கும் சிரித்தார். ஃப்ளெக்ஸை அவிழ்க்கவே மாட்டேன் என்றார்.

இரண்டு வாரம் கழித்து, விழுப்புரத்தில் ஆபீஸ் முடிந்து ரயிலில் வரும்போது செல்லில் ஒரு செய்தியின் முதல் வரிகளைப் பார்த்தேன். லீக்கில் ஒரு கிளப்பை மூடுகிறார்களாம். அந்தக் காலி இடத்தால் என் டீம் இறங்க வேண்டியதில்லை. பக்கத்து சீட்டு அம்மா மிரளும்படி சிரித்துவிட்டேன். உடனே வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன்.

"டிரெய்ன்ல வந்துகினு இருக்கேன். நான் வர்றதுக்குள்ள அந்த ஃப்ளெக்ஸ அவுத்துடுங்க. செத்தவன் எழுந்துட்டான்."

அவர் மெதுவாகக் கேட்டார்.

"மூடுறது எந்த கிளப்புன்னு படிச்சியா?"

நான் படிக்கவில்லை. வழியில் பேரணி என்கிற சின்ன ஸ்டேஷனில் வண்டி நின்றபோது படித்தேன். நாத்தனார் ஊர் டீம். பட்டியலின் நடுவில் பத்திரமாக இருந்த டீம், யாரிடமும் தோற்று இறங்காத டீம். நடத்த ஆளில்லை, மைதானத்தில் வீடு கட்டப்போகிறார்கள் என்று போட்டிருந்தது. இப்படி ஒரு கிளப் இல்லாமலே போகும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. அதற்குத்தான் ரயிலில் அப்படிச் சிரித்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்தபோது கேட்டில் ஃப்ளெக்ஸ் இல்லை.

புது சீசனின் முதல் சனிக்கிழமை. விளக்கு வைத்ததும் என் வீட்டுக்காரர் பழக்கத்தில் செல்லைத் தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து வைத்து எதிரே உட்கார்ந்தார். கால் வந்தது. நாத்தனாருக்குப் பின்னால் வெறும் சமையலறைச் சுவர்.

"சாப்டியா?"

"சாப்டேன்."

அவ்வளவுதான். நாத்தனார் போனை வைத்துவிட்டார். என் டீம் அன்றைக்கு ஜெயித்ததை நான் என் வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை.