பிய்ந்த காது

என் வீட்டுக்காரர் லாரியை எடுத்துக்கொண்டு கிளம்பினால் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்க மாட்டார். கல்யாணமாகிப் பதினைந்து வருஷமாக எனக்கு இதுதான் குறை. நானும் எங்கள் நாயும் கேட்டோரம் நிற்போம். நாயாவது மேம்பாலம் வரைக்கும் வண்டிக்குப் பின்னாலேயே ஓடும். நான், "கல்லு மனசு" என்று முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போவேன்.

அந்த நாய் போன மாசியில் செத்துப்போனது. அவர் அப்போது லோடு இறக்க நாக்பூரில் இருந்தார். காத்திருக்க முடியுமா? புதைத்துவிட்டோம். "மூஞ்சிய ஒருக்கா பாத்திருப்பேன்" என்றார் போனில். எங்கள் ஊர் சங்ககிரிக்கு வந்து இறங்கியவர் கேட்டைத் திறந்துவிட்டு, தரையைப் பார்த்தபடி சும்மா நின்றார்.

அந்த முகத்தை எப்படியாவது அவருக்குக் காட்டிவிட வேண்டும் என்று, அவர் அடுத்த லோடுக்குப் போன கையோடு வரைய உட்கார்ந்தேன். தலையணை உறையில் பெயிண்டால் பூப்போட்ட கைதான். போனில் இருந்ததோ உருப்படியாக ஒரே ஒரு படம், நாயைக் கட்டிக்கொண்டு நானே எடுத்த செல்ஃபி. தெருச்சண்டையில் ஒரு காது பிய்ந்துபோனதுகூட அதில் தெளிவாகத் தெரிந்தது.

கறுப்பு நாய்தானே, ஒரு டப்பா கறுப்பு போதும் என்று நினைத்தேன். அடேயப்பா! படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் நெற்றியில் நீலம், காதுக்குள்ளே ரோஸ், தாடையில் வெல்லப்பாகு நிறம். கண்ணும் கறுப்பு என்றே நம்பியிருந்தேன். அதில் தேன் நிறத்தில் ஒரு வளையம், அதற்குள்ளே துளியூண்டு வானம். பத்து வருஷம் சோறு வைத்திருக்கிறேன், ஒரு நாளாவது இதைப் பார்த்தேனா! அந்த வளையத்துக்கே நாலு நாள் ஆனது. கடைசியில் வெள்ளைப் புள்ளி வைத்ததும் அது என்னைப் பார்த்தது. சத்தியமாகப் பார்த்தது. பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டேன்.

அவர் வருகிற அன்றைக்குத்தான் குடி மூழ்கியது. போட்டோவில் என் மூக்குத்தி இடப்பக்கம் இருந்தது. நான் போட்டிருப்பது வலப்பக்கம்! செல்ஃபி இடம்வலம் மாற்றிக் காட்டியிருக்கிறது. அப்படியென்றால் நாய்? பிய்ந்தது அதன் வலது காது. நான் இடது காதைப் பிய்த்து வைத்திருக்கிறேன். திருத்த நேரமில்லை, வண்டிச் சத்தம் கேட்டுவிட்டது.

படத்தைக் கையில் கொடுத்ததும் நானே முந்திக்கொண்டேன். "ஏனுங்க, காது பக்கம் மாறிப்போச்சுங்க. திட்டாதீங்க."

அவர் அந்தக் காதை விரலால் தொட்டார். கண் நிறைந்துவிட்டது.

"மாறல புள்ள. எனக்கு இந்தப் பக்கந்தான். வண்டி எடுத்தா மேம்பாலம் வரைக்கும் ஓடியாருவானல்ல? சைடு கண்ணாடியில பாத்துக்கிட்டேதான் போவேன். அதுல இப்படித்தான் தெரிவான்."

எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது. நான் தப்பாக வரைந்தது, அவர் பார்த்த முகமாகவே அமைந்திருக்கிறது.

"கண்ணாடியில பாப்பீங்களா?" என்றேன்.

"பின்னே? நீ என்னமோ முணுமுணுத்துக்கிட்டு ஊட்டுக்குள்ள போற வரைக்கும் பாப்பேன்."

பதினைந்து வருஷம்!

அடுத்த தடவை வண்டி கிளம்பியபோது நான் உள்ளே போகவில்லை. கேட்டோரம் தனியாக நின்று, அந்தக் கண்ணாடியைப் பார்த்துக் கையை ஆட்டினேன். வண்டி மேம்பாலம் ஏறி மறையும் வரைக்கும் ஆட்டினேன்.