நிறுத்து என்று கத்தியவர்

ஆரஞ்சு நிறத்தில் ஒரு நைலான் கம்பி. வரப்பில் புல் வெட்டும் மெஷினில் சுற்றியிருக்குமே, அதே கம்பிதான். கும்பகோணத்தில் விவசாயக் கருவிகள் விற்கும் கடையிலிருந்து ஒரு சுருள் வாங்கி வந்து, ஏர் ரைபிளின் குழலைவிட ஒரு சாண் கூடுதலாக வெட்டி, குழலுக்குள் விட்டு வைப்பார் அக்கா. கம்பி ஒரு பக்கம் குழல் முனையிலும் மறுபக்கம் குண்டு போடும் இடத்திலும் நீட்டிக்கொண்டு தெரிந்தால், உள்ளே குண்டு இல்லை என்று தள்ளி நிற்பவருக்கும் புரிந்துவிடும். பிள்ளைகள் அதற்கு வால் என்று பேர் வைத்திருந்தார்கள். வால் இருக்கிறதா என்று பார்க்காமல் எங்கள் சுடும் பயிற்சி ரேஞ்சில் யாரும் துப்பாக்கியின் பக்கம் போனதில்லை. ஒரே ஒருநாள் தவிர. அன்றைக்கு அந்தக் கம்பியை உருவி எடுத்தது என் கை.

அக்கா என்றால் உடன்பிறந்தவர் அல்ல. தஞ்சாவூருக்குக் கிழக்கே, வெண்ணாற்றை ஒட்டிய ஒரு தனியார் பெண்கள் பள்ளியில் நான் உடற்கல்வி ஆசிரியையாக இருந்தேன். அங்கே துப்பாக்கி சுடக் கற்றுக்கொடுக்க வந்தவர் அவர். என்னைவிட மூன்று வயது மூத்தவர். அவருடைய அம்மா நடவுக்குப் போய்த்தான் அவரைப் படிக்க வைத்தார். கல்லூரியில் தேசிய மாணவர் படையில் சேர்ந்து ரைபிளைக் கையில் எடுத்தவர், மாநிலப் போட்டிவரை போய் வந்திருந்தார். பள்ளிக்குப் பின்னால் பழைய நெல் கிடங்கு ஒன்று பூட்டிக் கிடந்தது. அதைக் கூட்டிக் கழுவி, பத்து மீட்டர் அளந்து கோடு போட்டு, எதிர்ச் சுவரை மரப்பலகையால் மூடி, குண்டு விழத் தகரப் பெட்டிகள் வைத்து, ஒரு கோடை விடுமுறைக்குள் ரேஞ்சாக மாற்றினோம். எவ்வளவு கழுவியும் உமி வாசனை போகவில்லை. மழைக்காலத்தில் அந்த வாசனை தூக்கலாக இருக்கும். முதல் வருடம் இருபது பெண்கள் சேர்ந்தார்கள். நான் அக்காவுக்கு உதவியாள். என்னை வா, போ என்றுதான் கூப்பிடுவார். அது எனக்குப் பிடித்திருந்தது.

முதல் மூன்று வாரம் அவர் ஒரு குண்டைக்கூடக் கண்ணில் காட்டவில்லை. பிள்ளைகள் முணுமுணுத்தார்கள். ரைபிளை எப்படித் தூக்குவது, எப்படி வைப்பது, குழல் எப்போதும் எந்தப் பக்கம் இருக்க வேண்டும், குறி அட்டையை மாற்ற ஒருத்தி முன்னால் போயிருக்கும்போது மற்றவர்கள் கையைக் கட்டிக்கொண்டு எங்கே நிற்க வேண்டும், இவ்வளவுதான் பாடம். விரல் விசைக்கு வெளியே இருக்க வேண்டும் என்பதை அவர் ஒரு நாளைக்கு நூறு தடவையாவது சொல்லியிருப்பார். "காலியாத்தான் இருக்குன்னு யார் சொன்னாலும் நம்பாத. நானே சொன்னாலும் நம்பாத. நீ பாரு" என்பார். நன்றாகச் சுடும் ஒரு பெண், தோழி கூப்பிட்டாள் என்று ரைபிளோடு திரும்பிவிட்டாள். உள்ளே குண்டு இல்லை. இருந்தும் இரண்டு வாரம் அவள் சுடவில்லை. மற்றவர்களின் ரைபிளில் வால் இருக்கிறதா என்று பார்ப்பது மட்டும்தான் அவள் வேலை. அவளுடைய அப்பா வந்து சத்தம் போட்டார். அக்கா அவரை உட்காரவைத்து மோர் கொடுத்து, இன்னொரு வாரம் சேர்த்துச் சொல்லட்டுமா என்று கேட்டார்.

எல்லாவற்றுக்கும் மேல் ஒரு விதி இருந்தது. தப்பாக எதைப் பார்த்தாலும் யார் வேண்டுமானாலும் 'நிறுத்து' என்று கத்தலாம். ஆறாம் வகுப்புச் சிறுமி கத்தினாலும் அக்காவே ரைபிளைக் கீழே வைத்துவிடுவார். பலகையில் பல்லி ஓடியதற்கெல்லாம் கத்தியிருக்கிறார்கள். அவர் திட்டியதில்லை. காரணத்தை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம் என்பார். மரியாதை தெரிந்த ஒரு பெண், பெரியவர்களைப் பார்த்து எப்படி நிறுத்து என்பது, நிறுத்துங்க என்று சொல்லக் கூடாதா என்று கேட்டாள். "'ங்க'வைச் சேர்த்து முடிக்கிறதுக்குள்ள குண்டு போயிடும்டி" என்றார் அக்கா. கிடங்கே சிரித்தது.

இரண்டாம் வருட ஆண்டு விழாவுக்கு, பள்ளிக்கு இடம் கொடுத்த குடும்பத்தின் பெரியவர் வந்தார். அந்தப் பக்கத்தில் பாதி வயல் அவர்களுடையது. எல்லோரும் ஐயா என்றுதான் சொல்வோம். எங்கள் வீட்டிலும் கொஞ்சம் நிலம் உண்டு, எங்கள் சொந்தக்காரர்கள் அவர் வீட்டு விசேஷங்களுக்குப் போவார்கள். அக்காவின் அம்மா அவர் வயலில் நட்டவர். அவர் வாங்கிக் கொடுத்த புது ரைபிள்களை அவரே ஒரு குண்டு சுட்டுத் தொடங்கிவைப்பதாக ஏற்பாடு. அக்கா என்னிடம் தெளிவாகச் சொல்லியிருந்தார். ரைபிள் வாலோடு மேஜையில் இருக்கும். ஐயா கோட்டுக்கு வந்து, எல்லோரும் பின்னால் போன பிறகு, அக்கா தன் கையால் குண்டு போட்டுக் கொடுப்பார்.

அக்கா வாசலுக்கு வரவேற்கப் போயிருந்தபோது தாளாளர் கிடங்குக்குள் வந்தார். மேஜையைப் பார்த்தார். "என்னங்க டீச்சர் இது, ஆரஞ்சுக் கம்பி? போட்டோல அசிங்கமா விழும். எடுத்துடுங்க. குண்டையும் போட்டு ரெடியா வச்சிடுங்க. ஐயாவை நிக்க வச்சுக்கிட்டு இந்தம்மா பாடம் நடத்திக்கிட்டு இருப்பாங்க."

அக்கா வரட்டும் சார் என்று சொல்லியிருக்கலாம். எனக்கு அந்த வாக்கியம் வாய்வரை வந்தது, இன்றும் நினைவிருக்கிறது. கம்பியை உருவினேன். குண்டைப் போட்டு மூடினேன். தாளாளர் தலையசைத்துவிட்டுப் போனார். அக்கா வந்ததும் காதில் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். அதற்குள் மேளம் வந்துவிட்டது, பின்னாலேயே கூட்டமும் மாலைகளும். அக்கா கூட்டத்தின் அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டார். ஐயா நேரே மேஜைக்குப் போய் ரைபிளை எடுத்தார்.

போட்டோகிராபர் இடது பக்கம் மண்டியிட்டிருந்தான். அவனுக்குப் பின்னால் இருபது பெண்களும் தரையில் வரிசையாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். "ஐயா, இந்தப் பக்கம் ஒரு போஸ்" என்றான். ஐயா சிரித்தபடியே ரைபிளோடு திரும்பினார். விரல் விசையின் மேல் இருந்தது. அதில் குண்டு இருக்கிறது என்று அந்தக் கிடங்கில் நிச்சயமாகத் தெரிந்தவர்கள் தாளாளரும் நானும்தான் என்று நினைத்தேன். குழல் நகர்வதைப் பார்த்தேன். நான் கத்தவில்லை.

"நிறுத்து!"

அக்காவின் குரல். யாரையோ இடித்துத் தள்ளிக்கொண்டு வந்தார். குழலைப் பிடித்துத் தரையைப் பார்க்க அழுத்தினார். ஐயாவின் கை தானாக விலகியது, தோள் துண்டு கீழே விழுந்தது. அக்கா ரைபிளைக் குறிப் பக்கம் திருப்பினார். வால் இல்லை என்று பார்த்தார். எல்லோரையும் பின்னால் போகச் சொல்லிவிட்டு விசையை அழுத்தினார். தகரப் பெட்டியில் டணார் என்று குண்டு விழுந்தது. மேளம் எப்போது நின்றது என்று எனக்குத் தெரியவில்லை. அக்கா ஒரே ஒரு தடவை என் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

மறுநாள் காலை தாளாளர் அறையில் நாங்கள் மூன்று பேர்.

"குண்டு போட்டது யாரு?" என்றார் தாளாளர்.

"நான் போடல சார். நான் வாசலுக்குப் போறப்ப மேஜையில வாலோட இருந்துச்சு" என்றார் அக்கா.

தாளாளர் என்னைப் பார்த்தார். கோபமோ மிரட்டலோ அந்தப் பார்வையில் இல்லை. மிகவும் சாதாரணமாகப் பார்த்தார். "நீங்க போட்டீங்களா டீச்சர்?"

"இல்ல சார்" என்றேன். அதோடு நின்றிருக்கலாம். "ரைபிளெல்லாம் அக்கா பொறுப்பு" என்று நானாகவே சேர்த்துக்கொண்டேன். அதை என்னிடம் யாரும் கேட்கவில்லை.

அப்புறம் அவர் அக்காவின் பக்கம் திரும்பினார். "குண்டு போட்ட துப்பாக்கியை ஐயா கையில கொடுத்ததும் இல்லாம, அவரைப் பார்த்து 'நிறுத்து'ங்கிறீங்க. நிறுத்துங்கன்னுகூட வாய்ல வரல. யார் வீட்டு வயல்ல யார் நட்டாங்கன்னு மறந்து போச்சா?"

"வயலை நான் மறக்கல சார். முன்னாடி இருபது பொண்ணுங்க உக்காந்திருந்தாங்க. அதையும் மறக்கல" என்றார் அக்கா. குரல் உயரவில்லை. காகிதமும் பேனாவும் கொடுத்தார்கள், தானாக விலகுவதாக எழுதினார். ரேஞ்சின் சாவியை என் கையில் தரவில்லை, மேஜையில் வைத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு வேறு பள்ளிகளில் கேட்டுப் பார்த்திருக்கிறார். நாகப்பட்டினம்வரை போயிருக்கிறார். அவருக்கு முன்னாலேயே பேச்சு போய்ச் சேர்ந்துவிட்டது. குண்டு போட்ட துப்பாக்கியை விருந்தாளியிடம் நீட்டியவர் என்று. விதிகளுக்காகவே வாழ்ந்த மனுஷிக்கு, வாழ்நாளில் அவர் மீறாத ஒரு விதியை மீறியவர் என்று பேர். அவர் இடத்தில் நான் பயிற்சியாளர் ஆனேன். அவர் சொல்லிக்கொடுத்த வரிசையிலேயே, அவர் வார்த்தைகளிலேயே இன்றுவரை சொல்லிக்கொடுக்கிறேன்.

பதினோரு வருடம் கழித்துச் சென்ற ஆனியில், திருப்பனந்தாள் பக்கம் ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போன வழியில் ஒரு வயலில் அவரைப் பார்த்தேன். நடவு மெஷின் வாங்கி வாடகைக்கு ஓட்டுகிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன். சேற்றில் மெஷினை நிறுத்திவிட்டு வரப்பில் ஏறி வந்தார். தலைமுடி பாதி நரைத்திருந்தது. "வாங்க டீச்சர், நல்லா இருக்கீங்களா?" என்றார். வாங்க. டீச்சர். என்னை வா, போ என்று கூப்பிட்ட வாய். குண்டு போட்டது நான்தான் அக்கா என்றேன்.

அவர் காலில் ஒட்டிய சேற்றை வரப்பில் தேய்த்துக்கொண்டிருந்தார். "இதை எங்கிட்ட ஏன் சொல்றீங்க? எனக்குத்தான் அன்னைக்கே தெரியுமே. தெரியாதவங்க யாராவது இருந்தா அவங்ககிட்ட போய்ச் சொல்லுங்க." நாற்றுத் தட்டு காய்கிறது என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அடுத்த வாரம் தாளாளரிடம் போனேன். அவருக்கு இப்போது வயதாகிவிட்டது, காது கொஞ்சம் மந்தம். சத்தமாகவே சொன்னேன். நான்தான் போட்டேன், நீங்கள் சொல்லித்தான் போட்டேன். அவர் சிரித்தார். "எனக்குத் தெரியாதாம்மா? நல்லா இருக்கீங்க, பதவியில இருக்கீங்க. இப்ப எதுக்கு அது? டீ சொல்லட்டுமா?" சொன்னார். டீ வந்தது. குடித்தேன். பொய்யே சொல்லாதவருக்கு வேலை போயிற்று. பொய் சொன்னதை ஒப்புக்கொண்டவளுக்கு டீ.

ஐயா இப்போது இல்லை. தெரியாதவர்கள் என்று இனி மீதம் இருந்தது அந்த இருபது பெண்கள்தான். எல்லோரும் இப்போது இருபதுகளில் இருக்கிறார்கள். அவர்களுடைய வாட்ஸப் குழுவில் என்னையும் சேர்த்து வைத்திருக்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் உட்கார்ந்து, நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதி அனுப்பினேன். ஒவ்வொருவராகப் படித்தது தெரிந்தது. சாயங்காலம் ஒருத்தி எழுதினாள். அக்காவிடம் 'நிறுத்துங்க' என்று சொல்லக் கூடாதா என்று கேட்டவள், இப்போது மன்னார்குடிப் பக்கம் ஆசிரியையாக இருக்கிறாள்.

"மிஸ், நீங்க வாலை எடுத்ததையும் குண்டு போட்டதையும் நாங்க தரையில உக்காந்து பார்த்துக்கிட்டுதான் இருந்தோம். நாங்களும் கத்தியிருக்கணும், கத்தல. மறுநாள் கோச் அக்கா போயிட்டாங்கன்னு சொன்னாங்க. வீட்டுக்குப் போற பஸ்ல எல்லாரும் பேசிக்கிட்டோம். மிஸ்ஸே சொல்லல, நாம எப்படிச் சொல்றதுன்னு விட்டுட்டோம்."